ஜீப்: ஒரு ஸ்பேனர் போதும் என்றிருந்த வண்டிக்கு என்ன ஆயிற்று?

நம் ஊரில் ஜீப் என்பது ஒரு வகை வண்டிக்குப் பெயர். போலீஸ் ஜீப், வனத்துறை ஜீப், மலைமேல் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப், தேர்தல் நேரத்தில் வேட்பாளர் கைகூப்பி நின்று வரும் திறந்த ஜீப் என்று சொல்லிச் சொல்லி, அது ஓர் அமெரிக்க பிராண்டின் பெயர் என்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும். 1940களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியபோது வந்து ஒட்டிக்கொண்ட சொல் அது.

அந்த பிராண்டின் சொந்த நாட்டில் கதை வேறு. அங்கே ஜீப்பின் பேர்போன மாடலான ரேங்ளரை ஓட்டுபவர் எதிரே இன்னொரு ரேங்ளர் வந்தால் முன்பின் தெரியாதவருக்கும் கையை உயர்த்திவிட்டுப் போவார். யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊரில் 1967 முதல் ஈஸ்டர் சமயத்தில் ஜீப்காரர்கள் கூடிப் பாறை ஏறுகிறார்கள். பழைய ரேங்ளரை விற்கப் போனால் நல்ல விலை கிடைக்கும். ஆனால் எந்தக் கார் எவ்வளவு பழுதாகிறது என்று உரிமையாளர்களிடமே கேட்டுத் தொகுக்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், ஜே.டி. பவர் கணக்கெடுப்புகளைப் பார்த்தால், பல ஆண்டுகளாக ஜீப் அடிமட்டத்தை ஒட்டியே நிற்கிறது. கையசைக்கிற அதே ஆட்கள்தான் புகாரும் எழுதுகிறார்கள். இவ்வளவு பிரியம் உள்ளவர்கள் ஏன் இவ்வளவு நொந்துபோகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த வண்டியை முதலில் எதற்காக நம்பினார்கள் என்று பார்க்க வேண்டும்.

1940 கோடையில் அமெரிக்க ராணுவம் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற, சின்னதான, எடை குறைந்த வண்டி வேண்டும். 49 நாளில் முதல் வண்டி வந்து நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் திவாலாகும் நிலையில் இருந்த அமெரிக்கன் பேண்டம் என்ற சின்ன கம்பெனி, கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்து அவசர அவசரமாக வரைபடம் போட்டது. செப்டம்பர் 23 அன்று, கெடு முடிகிற நாளில், வண்டி மேரிலாந்தின் ஹோலபர்ட் ராணுவ முகாமுக்குள் ஓடி வந்து சேர்ந்தது. ஆனால் பேண்டத்தால் ராணுவம் கேட்ட அளவுக்கு உற்பத்தி செய்ய முடியாது. அதன் வரைபடங்கள் வில்லிஸ் ஓவர்லேண்டுக்கும் ஃபோர்டுக்கும் போயின. பெரிய ஆர்டர் அவர்களுக்குக் கிடைத்தது. முதல் வண்டியைச் செய்தவர்கள் கடைசியில் ராணுவத்துக்கு இழுவை வண்டி செய்து கொடுத்தார்கள். இந்த அநியாயத்தை ஜீப் வரலாறு சொல்பவர்கள் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஒரு பிராண்டின் பிறப்பே இன்னொருவர் உழைப்பைக் கைமாற்றி வாங்கியதில் இருக்கிறது. பின்னால் வருவதற்கெல்லாம் அது முன்னோட்டம் போலத்தான் எனக்குப் படுகிறது.

வில்லிஸ் ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் எஞ்சின். டெலமார் ரூஸ் என்ற பொறியாளர் கம்பெனியின் பழைய நாலு சிலிண்டர் எஞ்சினை எடுத்து வருடக்கணக்காகத் தட்டித் திருத்தி, 60 குதிரைத்திறன் தரும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். 2.2 லிட்டர், ஒரு கார்புரேட்டர், 6 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான். போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்து தள்ளின. ராணுவம் போட்ட நிபந்தனைகளில் முக்கியமானது, இரு கம்பெனிகளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டின் தலையில்கூட, எஃப் என்ற எழுத்தைப் பொறித்தது. ஆனால் அந்த போல்ட் வில்லிஸ் வண்டியிலும் அப்படியே போய் உட்காரும். போர்க்களத்தில் அடிபட்டு நின்ற ரெண்டு வண்டிகளை வைத்து ஓடுகிற ஒரு வண்டியைச் செய்துவிடலாம்.

ஜீப்பின் நல்ல பெயர் இங்கேதான் பிறந்தது. அது பழுதே ஆகாத வண்டி என்று யாரும் சொல்லவில்லை. ஆயில் ஒழுகியது, தகடு துருப்பிடித்தது, மழை உள்ளே வந்தது. ஆனால் எங்கே நின்றாலும் பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஒரு ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் திரும்ப ஓட வைத்துவிடலாம். நம்பிக்கை என்பது அந்த எட்டுகிற தூரத்தில் இருந்தது. இன்றைய புகார்களில் பாதி, அந்தத் தூரம் கூடிப்போனதைப் பற்றிய புகார்கள் என்பது என் கருத்து.

போருக்குப் பிந்திய வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது பெரும்பாலும் கை மாறிய கதை. 1945இல் வில்லிஸ், சிவிலியன் ஜீப் என்ற பொருளில் சிஜே என்று பெயரிட்டு விவசாயிகளுக்கு விற்றது. 1953இல் கைசர் கம்பெனி வில்லிஸை வாங்கியது. 1970இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைசரிடமிருந்து ஜீப்பை வாங்கியது. அந்த அமெரிக்கன் மோட்டார்ஸுக்குள் பிரான்ஸின் ரெனோ பணம் போட்டு நுழைந்தது. 1987இல் லீ ஐயகோக்கா தலைமையில் கிரைஸ்லர் மொத்தத்தையும் வாங்கியது. அவருக்கு வேண்டியிருந்தது ஜீப் என்ற பெயர்தான். 1998இல் ஜெர்மனியின் டெய்ம்லர், 2007இல் செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனம், 2009இல் திவால் நீதிமன்றம் வழியாக ஃபியட், 2021இல் ஃபியட் கிரைஸ்லரும் பிரான்ஸின் பேஜோ குழுமமும் சேர்ந்த ஸ்டெல்லாண்டிஸ். இத்தனை முதலாளிகளும் ஜீப்பை வாங்கும்போது பிரமாதமாகப் பேசினார்கள். வாங்கிய பிறகு, வீட்டில் சம்பாதிக்கிற ஒரே பிள்ளையின் தலையில் மொத்தக் குடும்பத்தையும் ஏற்றுவது போல, மற்ற நஷ்டத்தையெல்லாம் இதன் லாபத்தை வைத்து ஈடுகட்டினார்கள்.

நடுவில் ஒரு நல்ல காலம் இருந்தது. அமெரிக்கன் மோட்டார்ஸ் கையில் பணம் இல்லை, ஆனால் பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள். 1984இல் வந்த செரோக்கியும், அதற்குள் 1987 மாடலிலிருந்து வைத்த 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் அவர்கள் பிள்ளைகள். வார்ப்பிரும்பு பிளாக், சிலிண்டர்கள் ஒரே வரிசையில், சுற்றிலும் கை விட இடம். 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடுகிற வண்டிகளை இன்றும் காட்டுவார்கள். செரோக்கி 2001 வரை 28 லட்சத்துக்கு மேல் தயாரானது. அந்த எஞ்சின் 2006இல் ரேங்ளரோடு விடைபெற்றது.

அந்த எஞ்சினுக்கும் ஒரு கறை உண்டு. 2000, 2001 மாடல் வண்டிகளில் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் சிலிண்டர் ஹெட் 0331 என்ற எண்ணோடு வந்தது. மூன்றாம் நாலாம் சிலிண்டருக்கு நடுவில் அது வெடிப்பு விடும். கூலண்ட் நீர் ஆயிலில் கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுவென்று இருக்கும். பழைய செரோக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்வது டார்ச் அடித்து வார்ப்பில் அந்த எண் இருக்கிறதா என்று தேடுவதுதான். அதே எண்ணோடு டூபி என்ற வார்ப்படச்சாலையின் பெயரும் பொறித்திருந்தால், அது திருத்திச் செய்த ஹெட் என்று மூச்சு விடுவார்கள். எவ்வளவு செலவு, எவ்வளவு வேலை என்பது தெளிவாகத் தெரிந்த கோளாறு இது. அதனால்தான் இவ்வளவு பெரிய குறை இருந்தும் 4.0 எஞ்சினின் பெயர் கெடவில்லை.

டெய்ம்லர் காலத்தில் நிலைமை மாறியது. செலவைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கினார்கள். 2007 ரேங்ளருக்கு கிரைஸ்லர் மினிவேனில் இருந்த 3.8 லிட்டர் வி6 எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். ஆயில் குடிக்கிறது என்ற புகார் அந்த எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. அதே சமயம் டாட்ஜ் காலிபர் காரின் அடித்தளத்தில் காம்பஸ், பேட்ரியாட் என்று ரெண்டு வண்டிகள் வந்தன. நீண்ட ஏற்றத்தில் சூடேறி வேகம் இறங்கும், தனித்தனி கியர்கள் இல்லாத சிவிடி கியர்பாக்ஸ் அவற்றின் தலைவலி. ஜீப் என்ற பெயரை ஒட்டினால் எதுவும் விற்கும் என்று நினைத்தார்கள். கொஞ்ச காலம் விற்கவும் செய்தது.

2012இல் ரேங்ளருக்கு வந்த 3.6 லிட்டர் பென்டாஸ்டார் எஞ்சின் உண்மையிலேயே நல்ல முன்னேற்றம். வலு கூடியது, எரிபொருள் குறைந்தது. ஆனால் இதில் ஒரு பாகத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இன்றைய ஜீப் உரிமையாளரின் மனக்குறை முழுதும் விளங்கும். ஆயில் ஃபில்டர் உட்காரும் கூடு பிளாஸ்டிக்கில் செய்தது. அது இருக்கும் இடம் எஞ்சினின் ரெண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளம். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் சூடு ஏறுகிறது, நிறுத்தினால் ஆறுகிறது. சில வருடங்களில் பிளாஸ்டிக் கீறல் விடுகிறது, அல்லது கசிவைத் தடுக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிப்போகிறது. கசியும் ஆயில் வெளியே தெரியாது. பள்ளம் நிரம்பி, எஞ்சினின் பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். கீழே படுத்துப் பார்க்கும் மெக்கானிக், கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பார். விவரம் தெரிந்தவர் மேலிருந்து டார்ச் அடித்துப் பள்ளத்தில் ஆயில் தேங்கியிருப்பதைக் கண்டுபிடிப்பார். பாகம் சின்னது. ஆனால் அதை மாற்ற, எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் மேனிஃபோல்டுகளை மேல் கீழ் ரெண்டையும் கழற்ற வேண்டும். பலரும் இப்போது வெளிக்கம்பெனி செய்யும் அலுமினியக் கூட்டை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். உலோகத்தில் செய்திருக்கலாமே என்ற கேள்விக்குத் தொழிற்சாலையில் மிச்சமான சில டாலர்களைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

இதுவாவது எஞ்சின். மின்சாரப் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பழைய வண்டியில் ரிலே என்ற மின் சுவிட்ச் தீப்பெட்டியைவிடச் சின்ன ஒரு கட்டி. ஃபியூஸ் பாக்ஸில் செருகியிருக்கும். பெட்ரோல் பம்ப் ஓடவில்லையா, ஹாரன் ரிலேயைப் பிடுங்கி பம்ப் ரிலே இருந்த இடத்தில் குத்திப் பார்க்கலாம்; ஓடினால் கோளாறு எது என்று தெரிந்துவிட்டது. 2007க்குப் பிறகு கிரைஸ்லர் குழும வண்டிகளில் டிஐபிஎம் என்ற பெட்டி வந்தது. ஃபியூஸ், ரிலே, கணினி எல்லாம் ஒரே பெட்டிக்குள். 2011இல் வந்த கிராண்ட் செரோக்கியில் பெட்ரோல் பம்ப் ரிலேயை அந்தப் பெட்டியின் உள்ளே பலகையில் சால்டர் செய்தே வைத்துவிட்டார்கள். பம்ப் இழுக்கும் கரண்டில் ரிலேயின் தொடுமுனை சூடாகி வளைந்தது. ஒரு நாள் காலையில் சாவி போட்டால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. இன்னொரு நாள் நெடுஞ்சாலையில் போகும்போதே அணைந்துவிடும். சிலருக்கு வண்டியை அணைத்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்து பேட்டரி இறங்கியது. தானாக ஹாரன் அடித்தது, வைப்பர் ஓடியது என்றெல்லாம் புகார்கள் குவிந்தன.

டீலரிடம் கொண்டுபோனால் அங்கே வண்டி ஒழுங்காகப் பிடித்துவிடும். கோளாறு தென்படவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். பெட்டியையே மாற்ற வேண்டும் என்று முடிவானாலும் செலவு ஆயிரம் டாலரைத் தொடும். புதுப் பெட்டிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது உரிமையாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியே ஒரு சாதாரண ரிலேயை வாங்கி, பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஒயர் இழுத்து, பம்பை அதன் வழியாக ஓட்டினார்கள். கடைசியில் 2014இல் கம்பெனி சுமார் 1.9 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது செய்த வேலையும் அதுவேதான்: பெட்டிக்கு வெளியே ஒரு ரிலே. ஜீப்காரர்களின் பழைய கைத்திறன் கம்பெனியின் பொறியாளர்களுக்கு முன்னால் தீர்வைக் கண்டுபிடித்திருந்தது. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

கோளாறு எரிச்சலோடு நிற்காமல் உயிரையும் எடுத்த சமயம் உண்டு. 2014, 2015 கிராண்ட் செரோக்கியில் கியர் லீவர் எந்தப் பக்கம் தள்ளினாலும் கையை எடுத்தவுடன் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். வண்டி பார்க்கில் இருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா என்று கைக்குத் தெரியாது. விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கில் போட்டுவிட்டதாக நினைத்து இறங்கியவர்களின் மேல் வண்டி உருண்டு வந்தது. 2016 ஏப்ரலில் இதே லீவர் உள்ள மற்ற மாடல்களையும் சேர்த்து உலகம் முழுக்க 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆனால் சரி செய்யும் மென்பொருள் கைக்கு வருவதற்குள், ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் 27 வயது நடிகர் ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே தன் கிராண்ட் செரோக்கிக்கும் மதில் தூணுக்கும் நடுவில் சிக்கி இறந்தார். பத்திரமாகப் பல வருடம் வேலை செய்த ஒரு லீவரை, நவீனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மாற்றியதன் விலை அது. எனக்கு இதை ஆறிப்போன விஷயமாக எழுத முடியவில்லை.

இங்கே ஒரு விளக்கம் தேவை. அமெரிக்காவில் கார் உரிமையாளர், நெடுஞ்சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு நிர்வாகத்திடம் நேரடியாகப் புகார் பதியலாம். ஒரே மாதிரிப் புகார்கள் சேரச் சேர அவர்கள் விசாரணை தொடங்குவார்கள். ஆனால் ரீகால் என்ற பெயரில் இலவசமாகச் சரி செய்து தரச் சட்டம் கட்டாயப்படுத்துவது பெரும்பாலும் பாதுகாப்புக் குறைகளுக்குத்தான். ஓடும்போது எஞ்சின் அணைந்தால் அது பாதுகாப்பு. ஆயில் ஒழுகினால், கியர் உதறினால், திரை கறுத்துப்போனால் அது உங்கள் பாடு. அதிகம் போனால் டீலருக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு அனுப்புவார்கள், அல்லது சத்தம் பெரிதானால் வாரண்டியை நீட்டுவார்கள். பென்டாஸ்டார் எஞ்சினின் ஆரம்பகால வண்டிகளில் இடது சிலிண்டர் ஹெட் பழுதானபோது அந்த ஒரு பாகத்துக்கு 10 வருட வாரண்டி கொடுத்தார்கள். மற்றபடி, மாநிலங்களில் உள்ள லெமன் சட்டங்கள் இருக்கின்றன. திரும்பத் திரும்பச் சரி செய்தும் தீராத புது வண்டிக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்க வழி செய்பவை. அதற்கு ஒவ்வொரு தடவை ஒர்க்‌ஷாப்பில் விட்ட ரசீதும் கையில் இருக்க வேண்டும். ஆகவேதான் ஜீப் உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் முதல் புத்தி: வாய்ச்சொல்லை நம்பாதே, காகிதத்தில் எழுதி வாங்கு.

அரசு கேட்டாலும் கம்பெனி எளிதில் இறங்கி வருவதில்லை. 1993 முதல் 2004 வரையிலான கிராண்ட் செரோக்கியிலும் பிறகு வந்த லிபர்ட்டியிலும் பெட்ரோல் டேங்க் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால், பம்பரை ஒட்டி இருந்தது. பின்னாலிருந்து மோதினால் தீப்பிடிக்கும் ஆபத்து. 2013இல் அரசு 27 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொன்னபோது கிரைஸ்லர் முதலில் முடியாது என்றது. பிறகு பேச்சுவார்த்தை நடந்து சுமார் 15 லட்சம் வண்டிகளுக்குப் பின்னால் ஒரு இழுவைக் கொக்கி மாட்டித் தர ஒத்துக்கொண்டது. அந்த வேலையும் இழுத்துக்கொண்டே போனது. 2015 ஜூலையில், இருபதுக்கு மேற்பட்ட ரீகால்களைச் சரிவரச் செய்யவில்லை என்று கம்பெனிக்கு 10.5 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள். அதே மாதம், ஓடிக்கொண்டிருந்த செரோக்கியின் எஞ்சினை ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பல கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து இணையம் வழியாக நிறுத்திக் காட்ட, 14 லட்சம் வண்டிகள் ரீகால் ஆயின.

எல்லாப் பழியையும் கம்பெனி மேல் போடுவது சரியில்லை. ரேங்ளரின் பெயர் கெட்ட நடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் அதைச் சாவு நடுக்கம் என்றே சொல்கிறார்கள். மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் போகும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கும். உடனே ஸ்டியரிங் இடமும் வலமும் அடித்துக்கொள்ளத் தொடங்கும், முழு வண்டியும் உதறும், கண்ணாடியில் எதுவும் தெரியாது. வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை நிற்காது. அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். இது முன்பக்கம் ஒரே தண்டாக ஆக்ஸில் வைத்த வண்டிகளுக்கே உள்ள குணம். ஃபோர்டின் பெரிய பிக்கப்களிலும் உண்டு. ஒரு சக்கரத்தின் ஆட்டம் தண்டு வழியாக அடுத்த சக்கரத்துக்குப் போய்த் திரும்ப வரும். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பாரின் போல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தாலோ, பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தாலோ, டயர் பேலன்ஸ் சரியில்லாவிட்டாலோ போதும். அந்தத் தண்டு ஆக்ஸில்தான் பாறையில் ஏறும் வலுவையும் தருகிறது, ஆகவே ஜீப்காரர்கள் அதை விட மாட்டார்கள். போதாததற்கு வண்டியை உயர்த்தி, 35 அங்குல டயர் போட்டு, அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டுகிறவர்கள் நிறைய. அவர்கள் வண்டி நடுங்கினால் கம்பெனியை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆனால் 2018இல் வந்த புதிய ரேங்ளரில், எதையும் மாற்றாமல் ஷோரூமிலிருந்து வந்தபடியே ஓட்டியவர்களுக்கும் நடுக்கம் வந்தது. 2019இல் கம்பெனி கொடுத்த தீர்வு, ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் புதிய டேம்பர். குளிரில் பழைய டேம்பரின் எண்ணெயில் காற்றுக் குமிழி சேர்வதால் அது அடக்க வேண்டிய ஆட்டத்தை அடக்கவில்லை என்றார்கள். பலருக்கு நின்றது. ஆனால் நாள்பட்ட ஜீப்காரர்கள் பல வருடமாகச் சொல்வது ஒன்று: டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், காரணத்தை நீக்காது. ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்து, சொன்ன அளவுக்கு போல்ட்டை முறுக்கி, தேய்ந்ததை மாற்றுங்கள் என்பார்கள். நான் அவர்கள் பக்கம்.

கணக்கெடுப்புகளைப் படிக்கும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஜே.டி. பவரின் கணக்கு மூன்று வயதான வண்டிகளில் நூற்றுக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுவது. ஃபோன் திரையோடு இணையவில்லை என்பதும் ஒரு பிரச்சினை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு பிரச்சினை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பெரிய கோளாறுக்குக் கூடுதல் எடை கொடுக்கும். ரெண்டிலும் ஒரு பிராண்ட் தொடர்ந்து கீழே இருக்கிறது என்றால் அது தற்செயல் இல்லை. ஜீப்பின் விஷயத்தில் காரணங்களையும் தேடிப் போக வேண்டியதில்லை. புது மாடல் புது கியர்பாக்ஸோடு அரைகுறையாக வெளியே வரும். 2013இல் ஒன்பது கியர் செரோக்கி அப்படித்தான். மென்பொருள் சரியாகும்வரை ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் வெயிலில் நின்றன, விற்ற பிறகும் மென்பொருளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். முதல் வருட வண்டியை வாங்குகிறவர்தான் சோதனை ஓட்டுநர். இது எல்லாக் கம்பெனியிலும் ஓரளவு உண்டு என்றாலும், ஜீப் வாங்கப் போகிறவரிடம் முதல் வருட மாடலைத் தொடாதே என்று சொல்லாத மெக்கானிக்கே இருக்க மாட்டார்.

விசுவாசத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அமெரிக்காவில் 2018இல் ஜீப் விற்றது சுமார் 9.7 லட்சம் வண்டிகள். 2024இல் அது 6 லட்சத்துக்கும் கீழே போயிற்று. இடையில் விலை ஏறிக்கொண்டே போனது. கிராண்ட் வேகனீர் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. சாதாரண சம்பளக்காரர் வாங்கக்கூடிய செரோக்கியையும் ரெனகேடையும் 2023இல் அங்கே நிறுத்திவிட்டார்கள். ஸ்டெல்லாண்டிஸ் தலைவர் கார்லோஸ் டவாரெஸ் 2024 டிசம்பரில் பதவி விலகினார். நஷ்டத்தைச் சுமந்த பிள்ளையே தளர்ந்துவிட்டது.

இந்தக் காலத்தில் ஜீப் பெரிதாக நம்பியது ஃபோர் எக்ஸ் இ என்ற, சார்ஜ் போட்டு ஓட்டும் ஹைப்ரிட் ரேங்ளரை. அமெரிக்காவில் அந்த வகை வண்டிகளில் அதிகம் விற்றவற்றில் அது ஒன்று. 2023 கடைசியில் பேட்டரி தீப்பிடிக்கும் ஆபத்து என்று சுமார் 32,000 வண்டிகளை அழைத்தார்கள். அடுத்த ஆண்டு அது உலகம் முழுக்க 1.9 லட்சத்தைத் தாண்டி, கிராண்ட் செரோக்கியின் ஹைப்ரிடையும் சேர்த்துக்கொண்டது. உரிமையாளர்களுக்கு வந்த அறிவுரையில் முக்கியமாக ரெண்டு விஷயம் இருந்தது: சார்ஜ் போடாதீர்கள்; வண்டியை வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். பேட்டரி பின் சீட்டுக்கு அடியில், மூடி முத்திரை வைத்த பெட்டிக்குள் இருக்கிறது. பானெட்டைத் திறந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. கராஜில் ஸ்பேனர் பெட்டி வைத்திருப்பவரும் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, டீலர் கூப்பிடும்வரை காத்திருந்தார்.